மூடி கழற்றிய லேசர்

மணிவேல் அனுப்பிய படம் மதியம் இரண்டு ஐம்பதுக்கு வந்தது. சித்தூரில் நான் வேலை செய்யும் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் ஆயுத பூஜை அப்போதுதான் முடிந்திருந்தது. பாய்லர் அறை வாசலில் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். குங்குமம் கலந்த நீர் தரையில் ஓடி என் செருப்பைத் தொட்டது. நான் நகரவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் இருந்தது என் லேசர்.

என் லேசர் என்று பழக்கத்தில் சொல்கிறேன். கட்டியது நான். இப்போது அது மணிவேலுடையது. அவன் என் மனைவி யாமினியின் தம்பி. திருப்பதியில் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவொன்றில் கடை வைத்திருக்கிறான். முன்னால் கடை, பின்னால் வீடு. மலைக்கு வருகிறவர்களின் பெயர்களை அந்த லேசரால் மரத்துண்டில் பொறித்துக் கொடுப்பான். யாமினி போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. காய்ச்சல், ஐந்து நாள். அவள் போன நான்காவது மாதம் லேசரை அவனிடம் கொடுத்தேன்.

படத்தின் கீழே எழுதியிருந்தான். "மாமா, அஞ்சரைக்கு நல்ல நேரம். சூடம் காட்டறப்ப ஆன் பண்ணி ஓம் போடப் போறேன். எல்லாரும் சுத்தி நிப்போம். நீங்களும் வாங்க."

படத்தைப் பெரிதாக்கினேன்.

லேசர்ப் பெட்டியின் ஆரஞ்சு மூடி பெட்டியில் இல்லை. கழற்றிச் சுவரில் சாய்த்து அதற்குத் தனியாகப் பொட்டு வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்தால் லேசர் தானாக அணைந்துவிட வேண்டும். அதற்காகப் பெட்டியின் விளிம்பில் ஒரு சிறிய சுவிட்சும் மூடியில் ஒரு காந்தமும் வைத்திருந்தேன். இப்போது அந்தச் சுவிட்சின் மேல் வேறொரு காந்தத்தை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். மூடி இருப்பதாகவே இயந்திரம் நினைத்துக்கொள்ளும். டேப்பின் ஓரங்கள் கருத்திருந்தன. அது இன்று ஒட்டியதல்ல.

ஒளி வெளியே வரும் கண்ணாடியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். மரத்துண்டின் கீழே ஒரு பித்தளைத் தாம்பாளம். புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். கூரையிலிருந்த டியூப் லைட் அதில் முழுதாகத் தெரிந்தது.

பாதுகாப்புக் கண்ணாடிகள் இரண்டையும் தேடினேன். பின்னால், யாமினியின் படத்துக்கு முன்னால், வெற்றிலைமேல் இருந்தன. ஒவ்வொரு கண்ணிலும் ஒரு பொட்டு.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்க மாட்டார்கள். என் மாமியார் கமலம்மா அதில் கண்டிப்பானவர். அப்படியென்றால் ஐந்தரை மணிக்கு மணிவேல், அவன் மனைவி, அம்மா என்று மூன்று பேர், வெறும் கண்ணோடு, திறந்த லேசரையும் பளபளக்கும் தாம்பாளத்தையும் சுற்றி நிற்பார்கள்.

மணிவேலைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். 'ஆன் பண்ணாதே' என்று எழுதி அனுப்பினேன். அவன் பார்க்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மணி மூன்று ஐந்து. திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர்.

மணிவேல் வீட்டார் நகரிக்காரர்கள். அங்கே நான்கு விசைத்தறிகள் வைத்திருந்தார்கள். சூடம் காட்டும்போது தறி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். சுவிட்சைப் போட்டு நாலு ஓட்டு ஓட்டி நிறுத்துவார்கள். நிற்கிற தறிக்குச் சூடம் காட்டினால் அது வருடம் முழுக்க நிற்கும் என்பார் கமலம்மா. கல்யாணமான முதல் வருடம் நானும் போய் நின்றிருக்கிறேன். தறியைச் சுற்றி நின்றால் காது வலிக்கும், அவ்வளவுதான். மாமனார் இறந்தபின் தறிகளை விற்றுவிட்டுத் திருப்பதி வந்தார்கள். வழக்கமும் கூடவே வந்துவிட்டது.

எனக்கு இந்த லேசர்ப் பைத்தியம் கல்லூரி மூன்றாம் ஆண்டில் பிடித்தது. பழுதான டிவிடி ரைட்டரைப் பிரித்து, உள்ளே இருந்த கடுகளவு சில்லை எடுத்துத் தீக்குச்சியைப் பற்றவைத்தேன். பிறகு இன்னும் பெரிது, இன்னும் பெரிது. இணையத்தில் இதற்கென்று ஒரு குழு இருந்தது. பலூனை வெடிக்கவைத்து வீடியோ போடுகிறவர்கள் பாதிப் பேர். அதன் கீழே 'கண்ணாடி எங்கே?' என்று கேட்கிறவர்கள் மீதிப் பேர். முதல் ஆறு மாதம் நான் பலூன் கூட்டத்தில் இருந்தேன். ஒருநாள் குழுவில் ஒருவர் தன் கண்ணின் ஸ்கேன் படத்தைப் போட்டார். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அன்றிரவே முதல் ஆரஞ்சுக் கண்ணாடியை வரவழைத்தேன். லேசரைவிட அதன் விலை அதிகம்.

வெளிச்சம் பட்டால் இமை மூடிக்கொள்ளும் என்று எல்லோரும் நம்புகிறோம். இது ஐந்தரை வாட் நீல ஒளி. இமை மூடுவதற்குள் முடிந்துவிடும். வலிக்காது, விழித்திரைக்கு வலி தெரியாது. நேராகப் பார்க்க வேண்டியதுகூட இல்லை. பளபளப்பான ஒன்றில் பட்டுத் தெறித்தாலே போதும். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி எதற்கும் ஆகாது. அந்தந்த நிறத்துக்கென்று செய்த கண்ணாடி வேண்டும்.

யாமினி கணக்கு ஆசிரியை. விதிகளை அவள்தான் எழுதிக் கதவில் ஒட்டினாள். சாவியைத் திருப்புமுன் நான் "கண்ணாடி" என்று சொல்ல வேண்டும். அவள் "கண்ணாடி" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சமையலறையில் கை வேலையாக இருந்தாலும் சொல்வாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

அவள் துணிமணிகளை எடுத்துப் போக மணிவேல் வந்த அன்று மேசைமேல் பெட்டியைப் பார்த்தான்.

"இது ஓடுதா மாமா?"

"ஓடும்."

"சும்மா தான கீது. கடைக்கு எடுத்துக்கினு போட்டுமா?"

"எடுத்துக்கோ."

"எப்பிடி ஓட்டறது?"

"கண்ணாடி போட்டுக்கோ. மூடியத் தெறக்காத."

அவ்வளவுதான் சொன்னேன். வேறொரு காலமாக இருந்தால் அரை நாள் உட்காரவைத்திருப்பேன், கேள்வி கேட்டிருப்பேன், சாவியைக் கொடுத்திருக்கவே மாட்டேன். அன்று வீட்டைக் கேட்டிருந்தாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

புத்தலப்பட்டில் வண்டியை ஓரங்கட்டி மணிவேலின் மனைவி ரோஜாவைக் கூப்பிட்டேன். மூன்று முப்பத்தைந்து. எடுத்தாள்.

"அண்ணா, கெளம்பிட்டீங்களா? ரோட்டு சத்தம் கேக்குது."

"மணி எங்க?"

"குளிக்கிறாரு. அரை மணி நேரமா. புது மாப்ள தோத்தாரு."

"ரோஜா, நான் வர வரைக்கும் அந்த மெஷின ஆன் பண்ணக் கூடாது."

"அஞ்சரைக்குத் தான்ணா. அதுக்குள்ள வந்துருவீங்க."

"இல்ல, கேளு. இப்பவே போயி பிளக்கப் புடுங்கு."

ரோஜா சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பிளக்குக்கும் பூ சுத்தி பொட்டு வெச்சி கீதுண்ணா. அத்த கைய வெக்க உட மாட்டாங்க. காலைல மிக்ஸிய இந்தப் பக்கம் நவுத்தினேன், அதுக்கே ஒரு மணி நேரம் பேச்சு."

"அத்தைகிட்ட போனக் குடு."

எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. பிறகு கமலம்மா வந்தார். "மாப்ள, வரீங்களா? வட போட்டுக்கினு கீறேன்."

"அத்தை, அந்த லேசர் வெளிச்சம் கண்ணுல பட்டா கண்ணு போயிடும். இன்னிக்கு ஆன் பண்ண வேணாம்."

கரண்டியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

"வருசத்துல ஒரு நாளு," என்றார் கமலம்மா. "சாமிய வெச்சிட்டு நிக்கறோம். இந்த வார்த்தைய இன்னிக்குச் சொல்லணுமா? வாங்க மொதல்ல. வந்து பேசிக்கலாம்."

வைத்துவிட்டார். மறுபடியும் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. அபசகுனமான வார்த்தை பேசிய போனை நல்ல நாளில் இன்னொரு தரம் எடுக்க மாட்டார்கள். ஐந்தரைக்கு முன் போய்விட முடியும் என்று கணக்குப் போட்டேன். எப்படியும் நாலே முக்கால்.

சந்திரகிரி தாண்டியதும் வண்டிகள் நின்றிருந்தன. யாரோ தன் லாரிகளையெல்லாம் சாலையோரம் வரிசையாக நிறுத்திப் பூஜை போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் வாழைக்கன்று. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பூசணிக்காய். பாதிச் சாலையை அடைத்திருந்தார்கள். நான் ஹாரனை விடாமல் அழுத்தினேன். தட்டோடு நின்றவர் திரும்பி, "ஒக்க நிமிஷம் அன்னா, ஆரத்தி அயிப்போத்துந்தி" என்றார். ஒரு நிமிடத்தில் முடியவில்லை. ஆறு லாரி முடிந்திருந்தது. இன்னும் ஐந்து இருந்தன.

அப்போதுதான் என் இடது கை கிளட்ச்சின் மேல் நடுங்குவதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் நடுங்கவில்லை. அதற்குப் பின்னும் நடுங்கவில்லை. யாருடைய கையோ என்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு சாலையை விட்டு இறக்கி, மண்ணில் ஓட்டி, லாரிகளுக்கு அந்தப் பக்கம் ஏறினேன்.

கடைக்குள் நுழைந்தபோது நாலு ஐம்பது. சூடம் வாசனை அடித்தது. அதன் கீழே இன்னொன்று, தீய்ந்த சந்தனம். மணிவேல் வேட்டி கட்டி, கையில் வடையோடு நின்றிருந்தான்.

"மாமா! வந்துட்டீங்களா!" மரத்துண்டை எடுத்து நீட்டினான். அதில் ஓம் இருந்தது. ஓரங்கள் சுத்தமாக இருந்தன.

"எப்ப ஆன் பண்ணின?"

"நாலரைக்கே. நான் தமிழ் காலண்டரப் பாத்து உங்களுக்கு அஞ்சரைன்னு அனுப்பிட்டேன். அம்மா தெலுகு காலண்டரப் பாத்துச்சி. அதுல அஞ்சுக்கு மேல ஆவாதாம். அதான் சட்டுனு முடிச்சிட்டோம்."

"ரோஜா சொல்லலியா?"

"சொன்னா. நீங்க எப்பவும் பயப்படுவீங்கன்னு அக்காவே சொல்லும் மாமா. எத்தினி நாளா ஓட்டிக்கினு கீறேன். இன்னா ஆயிடுச்சி?"

பிளக்கைப் பிடுங்கினேன். பூச்சரம் அறுந்தது. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். கமலம்மா பின்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நேரம் எரிஞ்சது?"

"ரெண்டு நிமிசம் கூட இல்ல. மொதல்ல சந்தனம் வெந்து பொகையா வந்துச்சி. அப்பால நல்லா வந்துச்சி."

"யாரு எங்க நின்னீங்க?"

அவன் காட்டினான். கமலம்மா சூடத்தட்டோடு நேர் எதிரே. ரோஜா வலப்பக்கம். அவன் பெட்டியை ஒட்டி. தாம்பாளத்திலிருந்து தெறித்த ஒளி எங்கே போயிருக்கும் என்று பார்த்தேன். எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம்.

பில் புத்தகத்தில் தாள் கிழித்து, இரும்பு ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். குறுக்கே இருபது கோடு, நெடுக்கே இருபது. நடுவில் ஒரு புள்ளி. விழித்திரையின் நடுவில் சுட்டிருந்தால் கோடுகள் வளைந்து தெரியும், இல்லையென்றால் நடுவில் ஓர் இடமே காணாமல் போகும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மூடிவிடும். அதனால் ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க வேண்டும். என் மேசையின் முதல் இழுப்பறையில் இப்படி ஒரு தாள் எப்போதும் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் இருவரும் பார்ப்போம்.

"அத்தை, இங்க உக்காருங்க. எடது கண்ண மூடுங்க. புள்ளியவே பாருங்க."

கமலம்மா உட்கார்ந்தார். "தறிக்கு டிசைன் போடற பேப்பர் மாதிரி கீது."

"கோடெல்லாம் நேரா இருக்குதா?"

"கோடு நேரா தான் கீது. உங்க மொகம் தான் கோணிக்கினு கீது."

ரோஜா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த கண்ணும் பார்த்தார். அதுவும் நேர். எழுந்து வடைச் சட்டியைப் பார்க்கப் பின்னால் போனார்.

ரோஜா சிரிக்காமல் உட்கார்ந்தாள். வலது கண் சரியாக இருந்தது. இடது கண்ணில் நின்றாள்.

"அண்ணா, இங்க வளையுது."

"எங்க?"

"புள்ளிக்குக் கீழ. மூணாவது கோடு."

அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கோடு உண்மையாகவே வளைந்திருந்தது. கை நடுங்கி நான்தான் கோணலாகப் போட்டிருந்தேன்.

"அது நான் போட்டது," என்றேன். "மத்தது?"

"மத்ததெல்லாம் நேரு. இன்னாண்ணா இப்பிடி பயமுறுத்தறீங்க."

மணிவேல் கடைசியாக உட்கார்ந்தான். வலது கண்ணால் பார்த்தபோது நேரம் எடுத்துக்கொண்டான். மூலையிலிருந்து மூலைக்குப் போனான். ரோஜா சொன்ன வளைந்த கோட்டைத் தானும் கண்டுபிடித்து என்னைக் கிண்டல் செய்தான். இடது கண்ணுக்கு வந்தபோது பார்த்தவுடன் சொன்னான்.

"எல்லாம் சரியா கீது மாமா. புள்ளி நடுவுல கீது. ஆச்சா?"

எங்கள் தொழிற்சாலையில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு வருடம் ஒருமுறை கண் பரிசோதனை உண்டு. பார்வை குறைந்தவர்கள் வரிசையில் நிற்கும்போதே எழுத்துகளை மனப்பாடம் செய்துகொள்வார்கள். அவர்களும் இப்படித்தான் வேகமாகச் சொல்வார்கள்.

இன்னொரு தாள் கிழித்துக் கட்டம் போட்டேன். அவனிடம் நீட்டினேன். "எடது கண்ணு. இன்னொரு வாட்டி."

"இன்னா மாமா, போலீஸ் வேலைக்கு எடுக்கறீங்களா?"

"பாரு. புள்ளி தெரியுதா?"

"தெரியுது."

"எவ்ளோ பெருசு?"

கட்டைவிரல் நகத்தைக் காட்டினான். "இவ்ளோ. கறுப்பா கீது."

ரோஜா அவன் தோளுக்குப் பின்னால் நின்று தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"அதுல புள்ளியே இல்ல," என்றாள்.

பின்னால் வடை பொரிந்துகொண்டிருந்தது. மணிவேல் வலது கண்ணிலிருந்து கையை எடுத்துத் தாளைப் பார்த்தான். வெறும் கட்டங்கள். மறுபடி மூடினான். மறுபடி திறந்தான்.

"பொய் சொல்லல மாமா," என்றான். "புள்ளி தெரியுது. இதுல மட்டும் இல்ல. செவுத்தப் பாத்தாலும் தெரியுது."

"எத்தன நாளா?"

"இருவது நாளு இருக்கும். ஒருத்தரு பித்தள சாவிக்கொத்து குடுத்து பேரு போட முடியுமான்னு கேட்டாரு. வெச்சிப் பாத்தேன். பளிச்சுன்னிச்சி. அப்பால இது. போயிடும்னு நெனச்சேன். மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி ஊத்திக்கினு கீறேன்."

ரோஜா அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "அந்த மருந்து கண்ணெரிச்சலுக்குன்னு சொன்னே! இருவது நாளா பைக்குல என்னப் பின்னாடி ஒக்கார வெச்சிக்கினு போற!"

"மெதுவா. அம்மாக்கு கேக்கும்." என் கையைப் பிடித்தான். "அம்மாகிட்ட சொல்லாதீங்க மாமா. அக்காவுக்கு அப்பறம் அது ராத்திரில எழுந்து வந்து நான் மூச்சு உடறனான்னு பாக்குது."

"கெளம்பு," என்றேன். "ரோஜா, நாங்க ஆஸ்பத்திரி போறோம். நான் கூப்பிட்டதும் அத்தைய இட்டுக்கினு வா. உங்க கண்ணையும் டாக்டர் பாக்கணும். பேப்பர் மட்டும் போதாது."

விடுமுறை நாள். கண் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு மட்டும் திறந்திருந்தது. இளம் பெண் டாக்டர். மேசைக்கும் கணினிக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். என்ன நிறம், எத்தனை வாட், எவ்வளவு தூரத்தில் என்று தெலுங்கில் கேட்டு எழுதிக்கொண்டார். நான் சரியாகச் சொல்லச் சொல்ல நிமிர்ந்து பார்த்தார். இந்த மெஷினைச் செய்தது யார் என்று கேட்டார்.

"நேனே," என்றேன்.

பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் எழுதினார்.

கண்ணில் மருந்து விட்டு, விரிந்தபின் ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் விழித்திரை அடுக்கடுக்காகத் தெரிந்தது. நடுவில் இயற்கையான ஒரு பள்ளம். இடது கண்ணில் அந்தப் பள்ளத்தின் அடியில் அடுக்குகள் அறுந்திருந்தன. டாக்டர் விரல் வைப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. வலது கண்ணின் படம் வரும்வரை நான் சுவரில் ஒட்டியிருந்த கட்டண அட்டையைப் படித்தேன். மூன்று முறை படித்தேன்.

வலது கண் சரியாக இருந்தது.

இடது கண்ணில் தழும்பு விழுந்திருக்கிறது என்றார். கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், மாத்திரை கொடுத்து மூன்று மாதம் பார்க்கலாம். அன்றே வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமா என்று மணிவேல் கேட்டான். அதற்கு டாக்டர், அன்று கண்ணாடி போட்டிருந்தால் வரவே வேண்டியிருக்காது என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மணிவேல் ஒரு கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தான்.

"மெஷின எடுத்துக்கினு போயிடுவீங்களா மாமா? தீபாவளி ஆர்டர் கீது."

"மூடிய ஏன் கழட்டின?"

"பொக. பத்து நிமிசத்துல மூடி உள்ள கறுத்துடுது. ஒன்னும் தெரியல. தொடச்சி தொடச்சி மாட்டி ஓட்டினா ஒரு நாளைக்கு எட்டு பீஸ் கூட ஆவாது."

நான் அந்த மூடியை வீட்டில் வைத்துச் செய்தேன். வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம் ஓட்டுவதற்காக. புகையை வெளியே தள்ள விசிறி வைக்கவில்லை. கடையில் நாள் முழுக்க ஓடும் என்று அன்று யோசித்திருந்தால் வைத்திருப்பேன். யோசிக்கவில்லை.

"அது நான் செய்ய வேண்டியது," என்றேன். "பொகைக்கு ஃபேன் வெக்கணும். மூடிய எடுக்கவே முடியாதபடி மாத்தணும். அது வரைக்கும் ஓடாது. ஆர்டர் போனாப் போவுது."

அப்போது என் போன் அடித்தது. கமலம்மா. மணிவேல் பார்த்துவிட்டான். தலையை ஆட்டினான். இரண்டு கைகளையும் கூப்பினான்.

"மாப்ள, எங்க போனீங்க ரெண்டு பேரும்? கேட்டா ரோஜா அழுவுறா. இன்னா ஆச்சி?"

ஒன்றுமில்லை அத்தை. அந்த வார்த்தை நாக்கு வரை வந்தது. பதினான்கு மாதமாக யார் என்ன கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். தொழிற்சாலையில், வீட்டில், இவரிடமே எத்தனையோ தடவை. சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

"மணிக்கு எடது கண்ணுல அடிபட்டிருக்குது," என்றேன். "லேசர்ல. இன்னிக்கு இல்ல, இருபது நாள் ஆச்சு. வலது கண்ணு நல்லா இருக்குது. எடது கண்ணு முழுசா சரியாகுமான்னு தெரியல. நான் அவனுக்குச் சொல்லிக் குடுக்காமயே மெஷினக் குடுத்துட்டேன். நீங்க ரெண்டு பேரும் வாங்க, உங்க கண்ணையும் பாக்கணும்."

"எந்த ஆஸ்பத்திரி?" என்றார்.

மணிவேல் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாய் அருகே நின்றான்.

இருபது நிமிடத்தில் ஆட்டோவில் வந்தார்கள். கமலம்மா பூஜைப் புடவையிலேயே இருந்தார். முன்தானையில் எண்ணெய்க் கறை. மகனைக் கடந்து நேரே டாக்டர் அறைக்குப் போனார், பின்னால் ரோஜா. ஒரு மணி நேரம் ஆனது. இருவருக்கும் ஒன்றும் இல்லை. டாக்டர் அதைச் சொன்னபோது எழுந்தேன்.

கமலம்மா வந்து என் முன்னால் நின்றார்.

"அவ போனதுல இருந்து நீங்க யார்கிட்டயும் பேசறதில்ல. நான் எதுவும் கேட்டதில்ல," என்றார். "அதுக்குன்னு இதையும் சொல்லாம குடுப்பீங்களா?"

"தப்பு அத்தை."

"தப்புதான்."

கமலம்மா மணிவேலைக் கூப்பிட்டுப் பெஞ்சில் உட்காரவைத்தார். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி அவனுக்கு நேர் எதிரே நின்றார்.

"வலது கண்ண மூடு."

"எதுக்கும்மா, எல்லாம் டாக்டர்..."

"மூடுடா. என்னப் பாரு. என் மொகம் தெரியுதா?"

மணிவேல் மூடினான். தெரியுதும்மா என்று சொல்ல வாயெடுப்பதைப் பார்த்தேன். என் பக்கம் ஒருமுறை திரும்பினான். பிறகு அவரையே பார்த்தான்.

"பொடவ தெரியுது," என்றான். "கையி தெரியுது. மூஞ்சி இல்லம்மா."

ரோஜா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கமலம்மா வலப்பக்கம் ஒரு விரல் அளவு நகர்ந்தார்.

"கண்ண ஆட்டாத. அங்கியே பாரு. இப்ப?"

"இல்ல."

இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.

"இப்ப?"

"ஒரு காது தெரியுது."

"இப்ப?"

"ம். தெரியுதும்மா. மொகம் மங்கலா தெரியுது."

கமலம்மா தலையசைத்தார். நர்ஸ் வழிவிடச் சொன்னாள். அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.